நெய்யாத துணி யாருக்கு உறவு?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு நாலு முழ வேட்டி வாங்கினேன். கடைக்காரர் அதைப் போட்டுக் கொடுத்த பையைத் 'துணிப்பை' என்றார். வீட்டுக்கு வந்ததும் பையின் ஓரத்தில் விரல்நக அளவு வெட்டித் தீக்குச்சியைக் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகி உதிர்ந்திருக்கும். இது சுருண்டது, உருகிச் சொட்டியது, ஆறியபின் கடுகுபோல இறுகி நின்றது. பாலிப்ரொப்பிலீன், குளியலறை வாளியும் குவளையும் எதனால் ஆனவையோ அதே பிளாஸ்டிக்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் இந்த நெய்யாத பையும் உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதும் இதைப் போன்ற பைகளை ஒழிக்கத்தான். ஆனாலும் கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மடிகிறது, தைக்க முடிகிறது, ஒலியில்லாமல் கசங்குகிறது. துணி என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஊடும் பாவும் கிடையாது. மயிரிழைகளை அள்ளித் தெளித்ததுபோல எல்லாப் பக்கமும் ஓடும் இழைகள். அவற்றின் மேல் கோலப்புள்ளி வைத்ததுபோல வரிசையாகப் பளபளக்கும் பொட்டுகள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, நுண்துளைத் தட்டு வழியாகப் பிதுக்கி, வரும் இழையைக் காற்றால் இழுத்து மெல்லியதாக்கி, ஓடும் பட்டையின் மேல் விழவிடுகிறார்கள். இழை விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்கும். பிறகு, மேடு மேடாகப் புள்ளிகள் உள்ள சூடான உருளைக்கு அடியில் அந்தப் படுகை போகிறது. புள்ளி அழுத்திய இடத்தில் மட்டும் இழைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. மணியாக உள்ளே போனது சில நொடிகளில் விரிப்பாக வெளியே வருகிறது. நடுவில் நூலும் இல்லை, தறியும் இல்லை. இதற்கு ஸ்பன்பாண்ட் என்று பெயர்.

இதை நாம் நெய்த துணியின் மலிவான தம்பியாகவே பார்க்கிறோம். பெயரே அப்படித்தான்: நெய்யாதது. இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயர் வைப்பது எந்தப் பொருளுக்கும் மரியாதை இல்லை. பிறப்பையும் உடற்கட்டையும் பார்த்தால் இது துணியின் வம்சமே இல்லை, தோலின் வம்சம் என்பது என் வாதம். அதைச் சரிபார்க்கத் தாம்பரம் மாநகராட்சியின் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. 2021இல் உருவான அந்த மாநகராட்சிக்குள் அனகாபுத்தூரின் தறிகள், குரோம்பேட்டை–பம்மல்–நாகல்கேணியின் தோல் தொழில், சானடோரியத்தின் நெஞ்சக மருத்துவமனை மூன்றும் அடங்கிவிடுகின்றன.

முதலில் தறி. அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற கட்டம்போட்ட துணியை நைஜீரியாவுக்காக நெய்தவர்கள். பெயர்தான் கைக்குட்டை, உண்மையில் கஜ நீளச் சதுரங்கள், இடுப்பில் சுற்றிக் கட்டுவது. அந்தச் சந்தை மூடியபின் தறிகள் குறைந்தன. மிஞ்சியவர்களில் சிலர் வாழைநாரிலும் சணலிலும் இன்னும் பல தாவர நார்களிலும் புடவை நெய்து பேர் வாங்கினார்கள். நார் எதுவாக இருந்தாலும் தறியின் சட்டம் ஒன்றுதான்: முதலில் நூலாகு, பிறகு வரிசையில் நில். அந்த ஒழுங்கினால் துணிக்கு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பலம். கோணல்வாக்கில் இழுத்தால் நெளியும். வெட்டினால் ஓரம் பிரியும். அதனால்தான் தையற்காரர் எதையும் மடித்துத் தைக்கிறார். இழைகளுக்கு நடுவே சதுரச் சதுரமாக வழி திறந்திருக்கும். புடவைக்கு அது வரம், காற்று வரும். கிருமியைத் தடுக்கவேண்டிய இடத்தில் அதுவே ஓட்டை.

இனி தோல். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது, அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால். சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய தொழிற்சாலை அது. அந்தத் தொழில்நுட்பத்தைச் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். எழும்பூர் ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். 1903 வாக்கில் குரோம் தோலில் அவர் இறங்கியதற்கான காரணம் எனக்குப் பிடித்தமானது: கவலை இறைப்பு. மாடுகள் இழுக்க, கிணற்றிலிருந்து நீர் கொண்டுவரும் தோல் பை எந்நேரமும் நனைந்தே கிடக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலானால் துவர்ப்புச்சத்து நீரில் கரைந்து கரைந்து, கடைசியில் தோல் அழுகிவிடும். குரோமிய உப்பு அப்படிக் கரைந்து போவதில்லை. தோலின் புரத மூலக்கூறுகளைக் கோத்துப் பூட்டுப்போட்டதுபோல இறுக்கிவிடுகிறது. பச்சைத் தோல் ஏறக்குறைய 60 டிகிரி வெப்பநீரில் சுருங்கிவிடும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆவாரையில் வாரக்கணக்கில் நடந்த வேலை, குரோமில் நாள்கணக்கானது. (அந்த அவசரத்துக்கான விலையைப் பல்லாவரத்தின் நிலத்தடி நீர் கொடுத்தது. அது தனியாக எழுதவேண்டிய கதை.)

அந்தப் பூட்டு எதன்மேல் விழுகிறது? தோலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் மேலே மயிர்க்கால்கள் உள்ள மெல்லிய, நெருக்கமான அடுக்கு. கீழே தடித்த அடுக்கில் கொலாஜன் என்ற புரதத்தின் இழைக்கட்டுகள் மேலும் கீழும் இடமும் வலமுமாகச் சிக்கிக்கிடக்கின்றன. ஒரு கட்டு பல இழைகளாகப் பிரியும். ஓர் இழை இன்னும் நுண்ணிய இழைகளாகப் பிரியும். அடிமட்டத்தில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மூலக்கூறு. அந்த முப்புரியைக் கண்டுசொன்ன ஊரும் சென்னைதான். கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து வளாகத்தில் இருந்தது. கொலாஜனுக்கு அங்கே கேட்டால் போதும். தெளிவான எக்ஸ்-ரே படம் தந்தது கங்காரு வாலின் தசைநாண். தோல் நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கு அந்த முப்புரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தோலாய்வாளர்கள் அந்த இழைக்கட்டுகள் கிடக்கும் சாய்வை 'நெசவுக் கோணம்' என்று எழுதுவார்கள். யாரும் நெய்யவில்லை, அது அவர்களுக்கும் தெரியும். நெசவைத் தவிர வேறு உவமை கைக்கு வரவில்லை. உண்மையில் தோல், இயற்கை தந்த நெய்யாத விரிப்பு. செருப்புத் தைப்பவர் தோலை மடித்துத் தைக்காமல் வெட்டிய ஓரத்தை அப்படியே விடுகிறார். பிரியாது என்று அவர் கைக்குத் தெரியும். எந்தப் பக்கம் இழுத்தாலும் சில இழைகள் அந்த இழுவைக்கு நேராக நிற்கும். துணி ஒழுங்கால் பெறும் பலத்தைத் தோல் சிக்கலால் பெறுகிறது.

இந்த உறவை நான் வலிந்து கட்டவில்லை. பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம், 1930களில் தோலுக்கு மாற்றாக ஒரு செயற்கை விரிப்பைத் தேடியது. கார்ல் நோட்டபோம் என்ற ஆய்வாளர் நார்களைப் படுகையாக விரித்துப் பசையால் பிணைத்துப் பார்த்தார். தோல் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த விரிப்பு, சட்டைக் கழுத்துப்பட்டைக்கும் கோட்டுக்கும் உள்ளே விறைப்புக்காக வைக்கும் துணியாக நன்றாக உழைத்தது. 1948இல் அது 'ஃப்ளீஸலைன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. நெய்யாத துணித் தொழிலின் முதல் பெரிய பெயர்களில் ஒன்று, தோல் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து பிறந்தது.

தோலைத் துரத்தியவர்கள் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 1960களின் நடுவில் 'கார்ஃபம்' என்ற அடுக்கு விரிப்பைக் காலணிக்காகக் கொண்டுவந்தது. அடியில் நெய்யாத பாலியெஸ்டர், மேலே நுண்துளைகள் உள்ள பாலியூரித்தேன். மழை ஏறாது, ஆவி போகும், துடைத்தால் பளபளக்கும். ஆனாலும் 1971இல் கைவிட்டார்கள். தோல் செருப்பு பத்து நாளில் கால் போன வழிக்குப் போய்விடும். கார்ஃபமோ ஒவ்வொரு காலையும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பி, மறுபடி முதலிலிருந்து கடித்தது. அதன் இழைகள் தடித்தவை, அசைய இடமில்லாமல் ஒட்டப்பட்டவை. சிக்கலுக்குள் இழை கொஞ்சம் நழுவவும் வேண்டும் என்பதைத் தோல் அறிந்திருந்தது, பொறியாளர்கள் அப்போது அறியவில்லை.

அதை அறிந்துகொண்டவர் ஜப்பானின் தோரே நிறுவனத்து மியோஷி ஒகமோட்டோ. 1970இல் அவர் செய்தது, தொழில்நுட்ப வரலாற்றில் நான் மிகவும் ரசிக்கும் தந்திரங்களில் ஒன்று. கையாள முடியாத அளவு மெல்லிய பாலியெஸ்டர் இழைகளைக் கட்டுக்கட்டாக வேறொரு பிளாஸ்டிக்குக்குள் பதித்துத் தடித்த இழையாக இழுத்தார். வெட்டினால் கடலில் தீவுகள்போலத் தெரியும். அந்தத் தடித்த இழையைப் படுகையாக்கி, முள் ஊசிகளால் குத்திக் குத்திச் சிக்கவைத்தார். சிக்கியபின் கடலை மட்டும் கரைப்பானில் கரைத்து வெளியேற்றினார். மிஞ்சியது மயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளின் கட்டுகள், ஒன்றுக்குள் ஒன்று சிக்கியபடி, நடுநடுவே நழுவ இடத்தோடு. அதில் பாலியூரித்தேனை ஊறவைத்து மேற்பரப்பைத் தேய்த்தால் மான்தோல்போல ஒரு மென்மை. மேலே சொன்ன கொலாஜனின் படிநிலை இதில் அப்படியே இருக்கிறது: கட்டு, கட்டுக்குள் இழை, இழைக்குள் நுண்ணிழை.

நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ரெக்சின். அது பழைய இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் பெயர். பருத்தித் துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய சரக்கு. நிறுவனம் போனாலும் பெயர் நின்றுவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் தோல் என்று நம்பி வாங்கிய தோள்பை, இரண்டாவது மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. சட்டையெல்லாம் கறுப்புச் செதில். பாலியூரித்தேனில் ஒரு வகையின் பிணைப்புகளை ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடும். கடலோரச் சென்னையின் புழுக்கம் அதற்குத் தோதான அறுவடைக் கத்தி. ரயில் நிலைய வாசலில் செருப்புத் தைப்பவர் அந்தப் பையை வாங்கி, பூச்சைப் பார்க்காமல், நேரே வெட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே தெரிந்தது வலைபோல் ஒரு பின்னல் துணி. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுக்குப் பொருளை அறிய அதைவிட நல்ல ஆய்வுக்கூட முறை எனக்குத் தெரியாது: முகத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. தோலைச் சீரான தடிமனுக்குச் சீவும்போது விழும் குரோம் சீவல் குப்பையாகச் சேர்கிறது. அதை நீரில் அரைத்துக் கூழாக்கி, ரப்பர் பாலோ வேறு பசையோ சேர்த்து, காகிதம் வார்ப்பதுபோல வார்த்து அழுத்தினால் தோல் அட்டை; காலணியின் உள்ளடியிலும் குதிகாலிலும் போகும். இயற்கையின் சிக்கலைக் குலைத்து, மனிதன் தன் சிக்கலாக மறுபடி கட்டுவது. சீவலிலிருந்து கூட்டு விரிப்புகள் செய்வது அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து ஆய்ந்துவரும் பொருள்களில் ஒன்று.

இனி மருத்துவமனை. குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையின் பெயர் நிலையத்துக்கு வந்தது. அதை 1928இல் நிறுவியவர் மருத்துவர் சவுரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் இல்லம் நடத்தியவர். 1914இல் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்து போன கப்பலிலேயே போனவர், பிறகு அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்தவர். மருந்து இல்லாத அந்தக் காலத்தில் காசநோய்க்குக் கொடுக்க முடிந்தது ஓய்வும் உணவும் காற்றோட்டமும்தான். சானடோரியத்தின் மூலதனமே காற்று. பின்னால் அதே வளாகம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையானது. எய்ட்ஸ் சிகிச்சையிலும் நாட்டின் பெரிய மையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

காசநோயாளி இருமும்போது வரும் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுத் துகள்களாக மணிக்கணக்கில் மிதக்கும். அனகாபுத்தூர்த் துணியின் சதுர வழிகளுக்கு அவை பொருட்டே இல்லை. ஸ்பன்பாண்டும் தனியாக உதவாது. அதன் இழை 15 முதல் 35 மைக்ரான் தடிப்பு, இடைவெளி அதைவிடப் பெரிது. தேவைப்பட்டது இன்னும் மெல்லிய இழை. அது வேறெங்கோ, வேறெதற்காகவோ பிறந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வான் வெண்டே, அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசியை வானிலிருந்து வடிகட்டிப் பிடிக்க ஒரு வலை தேடினார். உருகிய பிளாஸ்டிக்கைச் சூடான வேகக் காற்றால் சிதறடித்து மிக நுண்ணிய இழைகளாக்கினார். மெல்ட்புளோன் என்ற முறையின் தொடக்கம் அது.

மெல்ட்புளோன் நன்றாக வடிகட்டும். ஆனால் விரல் பட்டால் கிழியும். ஸ்பன்பாண்ட் கிழியாது, வடிகட்டத் தெரியாது. 1970களில் கிம்பர்லி-கிளார்க் நிறுவனத்தார் இரண்டு ஸ்பன்பாண்டுக்கு நடுவே மெல்ட்புளோனை வைத்துப் புள்ளிப்புள்ளியாகச் சூட்டில் ஒட்டிக் காப்புரிமை பெற்றார்கள். இன்று அறுவை அரங்கில் நோயாளியைப் போர்த்தும் விரிப்பும், மருந்துக்கடை மூன்றடுக்கு முகக்கவசமும் இதன் வழிவந்தவை. தோலின் ஏற்பாடு இங்கேயும் வருகிறது: ஓரடுக்கு தடுக்கும், இன்னோரடுக்கு தாங்கும், ஒருவர் வேலையை மற்றவரிடம் எதிர்பார்ப்பதில்லை.

நடு அடுக்கு சல்லடைபோல வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். சல்லடையாக இருந்தால் மூச்சு முட்டும். பெரிய துகள் வளைந்து போகத் தெரியாமல் இழையில் மோதும். மிகச் சிறியது அலைந்து திரிந்து எங்காவது ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரானை ஒட்டியவைதான் நழுவப் பார்க்கும். அவற்றைப் பிடிக்க இழைக்கு நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல இழை துகளை இழுக்கும். டென்னசி பல்கலைக்கழகத்தில் தைவான்காரரான பீட்டர் சாய் 1990களில் இந்த மின்னூட்ட முறையைச் செம்மைப்படுத்தினார். அதே காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத காசநோய் பரவி அச்சமூட்டியது. 1995இல் 'என்95' தர வகுப்பு வந்ததற்கு அந்த அச்சம் முக்கியத் தூண்டுதல். நாம் கொரோனாவோடு சேர்த்து நினைக்கும் கவசம் அது. அதன் ஜாதகத்தில் இருப்பதோ சானடோரியத்தின் நோய்.

சோப்பு போட்டுத் துவைத்தாலோ சாராயத்தில் நனைத்தாலோ மின்னூட்டம் போய்விடும். கவசம் பார்க்க அப்படியே இருக்கும், பாதி வேலைதான் செய்யும். 2020இல் எத்தனை வீட்டுக் கொடிகளில் இந்தக் கவசங்கள் துவைத்துக் காய்ந்தன! துணியென்றால் துவைக்கவேண்டும் என்பது நமக்கு ஊறிய பழக்கம். தவறான உறவுமுறையில் அழைத்ததன் விளைவு அது.

அதே ஆண்டு இன்னொரு பாடமும் கிடைத்தது. கொரோனாவுக்கு முன் இந்தியாவில் முழுவுடல் காப்புடை உற்பத்தி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மே மாதத்தில் ஒரு நாளைக்கு நான்கரை லட்சம் என்று மத்திய அரசு அறிவித்தது. துணி கைவசம் இருந்தது: ஸ்பன்பாண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிய அடுக்கு. பனியன், சட்டை தைக்கும் கைகளும் இருந்தன. கோயம்புத்தூரின் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் முதலில் மாதிரிகள் குவிந்தன. அங்கே செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு துணியின்மேல் நிறுத்தி, மறுபக்கம் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். துணி தேறினாலும் தையல் தேறவேண்டும். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு கிணறு. நூற்றாண்டுக் கணக்காகத் துணியை இணைத்த ஊசியே இந்த விரிப்புக்குப் பகை. தையலின்மேல் சூடான காற்றில் ஒட்டும் நாடா வேண்டும். அதற்கான இயந்திரங்களுக்கு நாடே அலைந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்காக உருவாக்கிய பசையை எடுத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை ஒரு மாற்றும் தந்தது.

உள்ளே நின்றவர்களின் பாடு வேறு. சாதாரணப் படலம் வெளிநீரோடு உள்வியர்வையையும் அடைத்துவிடும். மே மாதத் தாம்பரத்தில் மின்விசிறி மட்டுமே உள்ள வார்டில் அதைப் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் என்றால், கழற்றும்போது காலுறையில் வியர்வை தேங்கியிருக்கும். இதற்கும் தீர்வு உண்டு: படலத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்து வார்த்து, பிறகு இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வொரு துகளையும் சுற்றி நுண்வெளி பிறக்கும். ஆவி போகும், துளி போகாது. விலை கூடுதல் என்பதால் அவசரக் காலத்தில் அது எல்லோருக்கும் எட்டவில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சேஷாத்ரி ராம்குமார், டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'ஃபைபர்டெக்ட்' இதே மூன்றடுக்குக் கணக்கின் இன்னொரு விடை. நடுவில் தூண்டிய கரி ஏறிய படுகை, மேலும் கீழும் நெய்யாத விரிப்புகள். பசை கிடையாது. முள் ஊசிகள் மேலடுக்கின் இழைகளைக் கரியின் ஊடாகக் கீழடுக்குவரை இழுத்துச் சிக்கவைக்கின்றன. வேதிப்போரின் கடுகுவாயுவைத் துடைத்தெடுக்கச் செய்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் சோதித்தது. பசை போட்டிருந்தால் அது கரியின் துளைகளையே அடைத்திருக்கும். ஊசி இங்கே பகையாகாமல் உறவாகிவிட்டது.

அடுக்குகளைச் சேர்த்துவைப்பதில் இவ்வளவு புத்தி செலவாகியிருக்கிறது. பிரிப்பதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. என் வேட்டிப் பை ஒரே பிளாஸ்டிக் என்பதால், தனியாகச் சேர்த்தால் மறுபடி உருக்கலாம். காப்புடை பாலிப்ரொப்பிலீனும் பாலித்தீனும் ஒட்டியது. உதிர்ந்த தோள்பையில் பாலியூரித்தேன், பின்னல் துணி, பசை, சாயம். எந்த உலையும் அதை வரவேற்காது. குழந்தையின் டயப்பரை எடுத்துக்கொண்டால், நெய்யாத விரிப்பு, மரக்கூழ், நீர் உறிஞ்சும் பொடி, படலம், ரப்பர், பசை என்று அரை டஜன் பொருள்கள் ஒரே மடிப்பில், அதுவும் ஈரத்தோடு. தோலையும் முழுதாக நிரபராதியாக்க முடியாது. பச்சைத் தோல் மண்ணில் மட்கும், குரோம் பூட்டுப் போட்டது லேசில் மட்காது.

அந்தத் தோள்பையை எறிய மனமில்லாமல் பால்கனியில் தொங்கவிட்டிருந்தேன். இன்னொரு ஐப்பசியும் போனது. மேல்பூச்சு முழுதும் உதிர்ந்து, அடியிலிருந்த பின்னல் துணி சாம்பல் நிறத்தில் வெளியே வந்துவிட்டது. கிழிசல் இல்லை. வீட்டில் அதில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள்.